தொட்டிக்குள் ஆடும் குண்டு

சுங்கை பட்டாணிப் பக்கம் தோட்டத்துத் திடலில் ஒரு மாலை. ரிமோட் விமானம் ஜெராய் மலையைப் பார்த்து மூக்கை நிமிர்த்துகிறது. பாதி ஏற்றத்தில் இரைச்சல் சட்டென அடங்க, விமானம் பால்மரங்களுக்குள் போய் விழுகிறது. "இன்ஜின் சரியில்லை அண்ணே" என்பார்கள் சுற்றி நிற்பவர்கள். நான் முதலில் கழற்றுவது எண்ணெய்த் தொட்டியை.

காரின் தொட்டி ஆயுளில் ஒருமுறைகூடத் தலைகீழாவதில்லை. இதுவோ கரணம் போடும், மல்லாந்து பறக்கும். ஒவ்வொரு புரட்டலுக்கும் எண்ணெய் ஒரு மூலைக்கு ஓடும். அதைத் துரத்திப் பிடிக்க, தொட்டிக்குள் மெல்லிய சிலிக்கோன் குழாய். அதன் நுனியில் துளையிட்ட பித்தளைக் குண்டு. எண்ணெயைச் சாய்க்கும் விசையே குண்டையும் அந்தப் பக்கம் இழுத்துப்போகும்.

குழாயை எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதில்தான் கைப்பக்குவம். தொட்டியைக் காதருகே ஆட்டினால் குண்டு மேலும் கீழும் 'டொக் டொக்' என்று தட்ட வேண்டும். பின்சுவரை மட்டும் தொடக்கூடாது; நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். விமானம் எப்போதாவது மூக்கைத் தரையில் குத்தியிருந்தால் குண்டு முன்பக்கம் மடிந்து சிக்கியிருக்கும். மட்டமாகப் பறக்கையில் ஒரு குறையும் தெரியாது. மூக்கு நிமிர்ந்ததும் எண்ணெய் பின்னால் போய்விடும், முன்னால் கிடக்கும் குண்டு காற்றைக் குடிக்கும். பால்மரத்துக்குள் போனதற்கு அதுதான் காரணம்.

இரண்டாவது குழாய் தொட்டியின் கூரையை நோக்கி வளைந்திருக்கும்; மறுமுனை சைலன்சரில். புகையின் அழுத்தம் அதன் வழியே வந்து, தொட்டி காலியாகக் காலியாக எண்ணெயைச் சீராகத் தள்ளும். நிரப்புவதற்கென மூன்றாவது குழாய் வைப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டே போதும். இணைப்பு ஒன்று கூடினால் கசிய ஓர் இடம் கூடும். தொட்டியின் நடுமட்டம் கார்புரேட்டர் ஊசிக்கு நேராகவோ ஒரு விரல் கீழாகவோ அமையட்டும். சுற்றிலும் ஸ்பாஞ்ச் வையுங்கள்; அதிர்வில் எண்ணெய் நுரைத்தால் அதுவும் காற்றுதான்.

எங்கள் கெடா மாநிலம் பால்மரத்துக்குப் பேர்போனது. இருந்தும் அந்த மரத்து ரப்பரில் செய்த குழாய் பெட்ரோலில் ஊறினால் உப்பிவிடும், சிலிக்கோனும் அப்படியே. பெட்ரோல் இன்ஜினுக்கு டைகான் குழாய் வேண்டும். 1947இல் அமெரிக்காவின் ரே ஆர்டன் க்ளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் பரவிய சிறு இன்ஜின்கள் குடிப்பது வேறு: மெத்தனால், கொஞ்சம் நைட்ரோமீத்தேன், மசகுக்கு நம் வீட்டு விளக்கெண்ணெய். இந்தக் கலவைக்குச் சிலிக்கோன் நன்றாக உழைக்கும். ஒன்று, மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் டின்னை மூடியே வையுங்கள். அதன் தீயும் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது.

கசிவு பார்க்க, ஒரு குழாயை அடைத்துத் தொட்டியை வாளித் தண்ணீரில் அமுக்கி, மற்றதில் சிரிஞ்சால் காற்றடியுங்கள். வாயால் ஊத வேண்டாம், மெத்தனால் விஷம். தொட்டி வாயின் அடைப்பானைச் சுற்றிக் குமிழி வந்தால் அதன் திருகாணியை இறுக்கலாம். உள்ளே இருக்கும் சிலிக்கோனில் ஊசித்துளை விழுந்திருந்தால் வாளி காட்டிக்கொடுக்காது. அதைப் புதிதாக மாற்றுங்கள். மாட்டுமுன், அது செருகப்படும் பித்தளைக் குழாயின் வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பழைய குழாயைக் கிழித்தது பெரும்பாலும் அந்தப் பிசிறுதான்.