ஜெனரேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது?

அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வரும் அரசாங்கப் பரிசோதகர், மருந்தறையையும் சமையற்கட்டையும் நோயாளிகளின் பதிவேடுகளையும் புரட்டிப் பார்ப்பதோடு நில்லாமல், வராந்தாவில் எதிர்ப்படும் ஒரு நர்ஸையோ துப்புரவுப் பணியாளரையோ நிறுத்தி, "இந்தக் கட்டிடத்தை இப்போதே காலி செய்ய நேர்ந்தால் உங்களுடைய வேலை என்ன?" என்று கேட்கலாம். அலமாரியில் எவ்வளவு நேர்த்தியாக பைண்டு செய்யப்பட்ட திட்டப் புத்தகம் இருந்தாலும், ஊழியர்கள் இக்கேள்விக்கு விழிப்பார்களானால் அது ஸ்தாபனத்தின் குறையாகப் பதிவாகக்கூடும். இவ்வாறு கேட்கும் உரிமையைப் பரிசோதகருக்கு அளிப்பது, 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரசுரமாகி, 2017 நவம்பரிலிருந்து கட்டாயமாக அமலாக்கப்பட்ட ஒரு விதித் தொகுப்பு. ஆஸ்பத்திரிகள் மட்டுமல்லாது முதியோர் பராமரிப்பு இல்லங்கள், டயாலிசிஸ் நிலையங்கள், உறுப்பு மாற்று நிலையங்கள் உள்ளிட்ட 17 வகை ஸ்தாபனங்கள் அதற்குக் கட்டுப்பட்டவை.

வாஷிங்டன் சர்க்காருக்கு ஆஸ்பத்திரிகளின் மீது நேரடியான ஆட்சி கிடையாது. உரிமம் வழங்குவது அந்தந்த மாநிலத்தின் காரியம். ஆனால் 1965இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தினால் மெடிகேர், மெடிகெய்ட் என்னும் இரு திட்டங்கள் தோன்றி, முதியோருக்கும் வறியோருக்கும் ஆகும் சிகிச்சைச் செலவின் பெரும்பகுதி பொதுப்பணத்தைச் சார்ந்ததாயிற்று. பணம் தருபவன் நிபந்தனையும் விதிப்பான் என்பது உலக வழக்கமாதலால், அப்பணத்தைப் பெற விரும்பும் ஆஸ்பத்திரி எதற்கெல்லாம் உடன்பட வேண்டும் என்றொரு நீண்ட பட்டியலும் உடன் பிறந்தது. அப்பணத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு அந்நாட்டில் பொது ஆஸ்பத்திரி நடத்துவது ஏறக்குறைய அசாத்தியம். ஆகையால் இவ்விபத்துக்கால விதிகள், கட்டளை என்ற பெயரில்லாமலே கட்டளையின் வலிமை பெற்றவை.

இவ்விதிகளுக்கு வித்தாக அமைந்த விபரீதம் 2005 ஆகஸ்டில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் நேர்ந்தது. 29ஆம் தேதி கரையேறிய கத்ரீனா சூறாவளியின் காற்றை மெமோரியல் ஆஸ்பத்திரி ஒருவாறு தாங்கிவிட்டது. காற்று ஓய்ந்தபின், நகரைக் காத்து நின்ற கரைகள் உடைந்து வெள்ளம் தெருவில் ஏறியபோதுதான் உண்மையான சோதனை தொடங்கிற்று. அவசர மின்சாரத்தைக் கட்டிடமெங்கும் செலுத்தும் சாதனங்களில் சில தரைமட்டத்துக்குச் சற்றே உயரத்தில் அமைந்திருந்தன. வெள்ளம் வந்தால் அவை மூழ்கும் என்பது நிர்வாகத்துக்கு முன்னரே தெரியாத விஷயமன்று. 31ஆம் தேதி விடியுமுன் ஜெனரேட்டர்களும் நின்றன. சுவாசக் கருவிகள் ஓய்ந்தன, லிப்டுகள் அசையவில்லை, நோயாளிகளைப் படிக்கட்டு வழியே தூக்கி வந்து, இயந்திர அறைச் சுவரிலிருந்த ஒரு துவாரத்தின் வழியாகக் கார் நிறுத்துமிடத்துக்குக் கடத்தி, அதன் உச்சியில் நெடுங்காலம் உபயோகமின்றிக் கிடந்த ஹெலிகாப்டர் தளத்துக்கு ஏற்ற வேண்டியிருந்தது. யாரை முதலில் அனுப்புவது, யாரைக் கடைசியாக நிறுத்துவது என்ற பயங்கரமான முடிவு, உறக்கமும் ஓய்வுமின்றி, தகிக்கும் புழுக்கத்தில் நின்ற சில மருத்துவர்களின் தலைமீது விழுந்தது. இருதயம் நின்றால் மீட்பதற்கு முயல வேண்டாம் என்று முன்னமே எழுதிக் கொடுத்திருந்தவர்களைக் கடைசி வரிசையில் வைப்பது என்று அவர்கள் தீர்மானித்தார்கள். அத்தகைய கடிதத்தை எழுதித் தந்தவர்களில் எவரும், வெள்ளத்தில் தம்மைப் பின்னால் விட்டுவிடலாம் என்ற பொருளில் அதை எழுதியிருக்க மாட்டார்கள் என்பதே என் எண்ணம்.

வெள்ளம் வடிந்தபின் அக்கட்டிடத்திலிருந்து 45 சடலங்கள் எடுக்கப்பட்டன. சிலருக்கு ஊசி மருந்தினால் மரணம் விளைவிக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டின்மேல் ஒரு மருத்துவரும் இரு நர்ஸுகளும் 2006இல் கைதானார்கள். 2007இல் விசாரணை ஜூரி அம்மருத்துவர்மீது வழக்குத் தொடுக்க மறுத்துவிட்டது. அந்த விவகாரத்தின் நியாய அநியாயங்களை இங்கே தீர்ப்பது நம் வேலையன்று. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த ஆஸ்பத்திரியில் விபத்துக்காலத் திட்டம் இல்லாமலில்லை; 200 பக்கங்களுக்கு மேற்பட்ட திட்டம் இருந்தது. மின்சாரம் முற்றிலும் நின்றுவிட்டால் என்ன செய்வது, தெருவெல்லாம் தண்ணீராக இருக்கையில் நோயாளிகளை எவ்வாறு வெளியேற்றுவது என்பவை மாத்திரம் அதில் இல்லை.

ஏழாண்டுகளுக்குப் பின், 2012 அக்டோபர் 29 இரவில், ஸாண்டி புயல் நியூயார்க்கில் அதே பாடத்தை மறுபடியும் நடத்திற்று. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்கோன் ஆஸ்பத்திரியில் மின்சாரம் தவறியதும் 300க்கு மேற்பட்ட நோயாளிகளை இருட்டில் படியிறக்கினார்கள். அவர்களில் தீவிர சிகிச்சையிலிருந்த சிசுக்களை நர்ஸுகள் மார்போடு அணைத்து, சுவாசப் பையைக் கையால் அமுக்கியவாறே ஒன்பதாம் தளத்திலிருந்து இறங்கினார்கள். பக்கத்திலிருந்த பெல்வியூ ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர்கள் முன்யோசனையோடு பதின்மூன்றாம் தளத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு எண்ணெய் ஏற்றும் பம்புகளோ நிலவறையில் மூழ்கிப்போயின. ஊழியர்களும் ராணுவத்தினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று எண்ணெயைக் கைமாற்றி மேலே அனுப்பினார்கள். இயந்திரத்தை மலையுச்சியில் ஏற்றிவிட்டு, அதன் உணவைப் பள்ளத்தில் வைத்த கதை இது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகிச் சென்னையில் ஆஸ்பத்திரிக்குள்ளும் வெள்ளம் புகுந்ததை மறவாத வாசகர்களுக்கு இதில் அந்நியமாகத் தோன்றக் கூடியது ஒன்றுமில்லை.

இனி விதியின் உள்ளடக்கம். அது முதலில் கேட்பது, ஒவ்வொரு ஸ்தாபனமும் தன் ஊருக்கும் தன் கட்டிடத்துக்கும் நேரக்கூடிய ஆபத்துகளை, புயல், தீ, பூகம்பம், தொற்றுநோய், கணினி அமைப்பின் மீதான தாக்குதல் என்று பாகுபாடின்றி ஆராய்ந்து எழுத வேண்டும் என்பதே. அந்த ஆராய்ச்சியின்மேல் திட்டம் எழ வேண்டும். திட்டத்தில், தலைமை அதிகாரி அகப்படாத வேளையில் முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு, அவருக்குப்பின் யாருக்கு என்பதும் எழுதப்பட வேண்டும். மெமோரியலின் கதையைப் படித்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும். பிறகு உணவு, குடிநீர், மருந்து, கழிவகற்றல், அறைகளின் வெப்பநிலை ஆகியவற்றுக்கான ஏற்பாடுகள். இடம் மாற்றப்பட்ட நோயாளியும் வேலையிலிருந்த ஊழியரும் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டறியும் முறை. தொலைபேசி செயலற்றால் பேசுவதற்கு மாற்று வழி. இறுதியாகப் பயிற்சியும் ஒத்திகையும். ஆஸ்பத்திரிகள் ஆண்டுக்கு இருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். அவற்றில் ஒன்றேனும் மேஜையைச் சுற்றி அமர்ந்து பேசும் பயிற்சியாக நில்லாமல், ஊராரோடு சேர்ந்தோ தம் கட்டிடத்திற்குள்ளோ மெய்யாகவே நடத்திப் பார்ப்பதாக இருத்தல் அவசியம்.

எனக்கு வியப்பளிப்பது ஜெனரேட்டரைப் பற்றிய பகுதி. அது பாதுகாப்பான இடத்தில் அமைய வேண்டும் என்று விதி சொல்லத்தான் செய்கிறது; ஆனால் புதிய கட்டிடம் எழுப்பும்போதும் பழையதைப் புதுப்பிக்கும்போதுமே அந்த நிபந்தனை செல்லுபடியாகும். நிலவறையில் நாற்பதாண்டுகளாக உறங்கும் பழைய இயந்திரத்தை எவரும் அசைக்க வேண்டியதில்லை. இத்தனை மணி நேரத்துக்கு எண்ணெய் சேமித்து வை என்று ஓர் எண்ணையும் விதி குறிப்பிடவில்லை. ஆஸ்பத்திரியைக் காலி செய்யும் வரையில் மின்சாரத்தை எவ்வாறு நீடிக்கச் செய்வாய் என்பதற்கு ஒரு திட்டம் காட்டு என்பதோடு திருப்தியடைகிறது. பணச்செலவுக்கு அஞ்சிச் செய்த சமரசம் என்று இதை நான் கருதுகிறேன். கத்ரீனாவின் பெயரைச் சொல்லிப் பிறந்த விதி, கத்ரீனா காட்டிய மிக வெளிப்படையான குறையைக் கட்டிடப் புதுப்பிப்பு வரும் நாள்வரை ஒத்திவைத்தது.

எண்ணைக் குறிப்பிடத் துணிந்தது ஃப்ளோரிடா மாநிலம். அதுவும் உயிர்களை இழந்த பின்னரே. 2017 செப்டம்பரில் இர்மா சூறாவளி வீசியபோது ஹாலிவுட் என்னும் ஊரிலிருந்த ஒரு முதியோர் இல்லத்தில் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. குளிர்சாதனத்துக்குரிய மின்சாரம் மட்டும் தடைப்பட்டது. எதிரே ஒரு பெரிய ஆஸ்பத்திரி முழு மின்சாரத்தோடு இயங்கிக்கொண்டிருக்க, வெப்பத்தில் வாடிய முதியோரை மூன்று நாட்களுக்குப் பின்னரே வெளியேற்றினார்கள். 12 பேருடைய மரணத்துக்கு அந்த வெப்பமே காரணம் என்று தீர்மானிக்கப்பட்டது. மத்திய விதி கட்டாயமாவதற்கு அப்போது இரண்டே மாதங்கள் பாக்கி. மறு ஆண்டே ஃப்ளோரிடா, முதியோர் இல்லங்களில் 96 மணி நேரம் 81 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேற்படாமல் வெப்பத்தைக் காக்கும் மாற்று மின்சாரம் இருந்தாக வேண்டும் என்று சட்டமியற்றிற்று.

2019இல் வாஷிங்டன், ஸ்தாபனங்களின் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி, ஆண்டுதோறும் திட்டத்தைச் சீர்தூக்க வேண்டும் என்றிருந்ததை ஆஸ்பத்திரிகளுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தியது; முதியோர் இல்லங்களுக்கு மட்டும் பழைய ஆண்டுக் கணக்கே நீடித்தது. சில மாதங்களுக்குள் கோவிட் வந்தது. மெய்யான ஆபத்தில் திட்டத்தைச் செயல்படுத்திய ஸ்தாபனம் அதற்கு அடுத்த பெரிய ஒத்திகையிலிருந்து விலக்குப் பெறலாம் என்ற ஒரு சிறு ஷரத்து, நாடெங்கும் ஒரே காலத்தில் பொருந்தும் நிலை அப்போது ஏற்பட்டது.

இவ்விதிகளைப் பின்பற்றுவதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கப்படவில்லை என்பது கிராமப்புறச் சிறு ஆஸ்பத்திரிகளின் நெடுநாள் முறையீடு. 2002இல் ஆஸ்பத்திரிகளின் ஆயத்தத்துக்கென்றே ஏற்பட்ட வேறொரு மானியத் திட்டம் உண்டெனினும், அதன் தொகை தொடக்ககால அளவிலிருந்து பெரிதும் சுருங்கிவிட்டது. செல்வமும் சர்க்காரின் பெருந்தொகையும் கிட்டிய இடங்களில் காட்சி வேறு: லாங்கோன் ஆஸ்பத்திரி வெள்ளத் தடுப்புகளோடு தனக்கென மின்நிலையம் எழுப்பிக்கொண்டது, நியூ ஆர்லியன்ஸில் கத்ரீனாவுக்குப் பின் கட்டிய முன்னாள் ராணுவத்தினருக்கான புதிய ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவு இரண்டாம் தளத்தில் இருக்கிறது, அங்கே ஆம்புலன்ஸ் ஏறும் சாய்தளத்தில் வெள்ளக் காலத்தில் படகையும் கொண்டுவந்து நிறுத்தலாம். சிற்றூர் ஆஸ்பத்திரிக்காரர் செய்யக்கூடியது, பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியோடு நோயாளிகளை ஏற்கும் உடன்படிக்கை எழுதிக்கொள்வதும், எண்ணெய் வியாபாரியோடு பேசி வைப்பதுமே. அந்த வியாபாரி அதே வாக்குறுதியை இன்னும் எத்தனை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்திருக்கிறார் என்று விசாரித்தறிவதையும் அவர் மறக்காதிருப்பது உசிதம்.