பக்கெட்டுக்கு நம்ம பேர்: மாட்டுறது ஈஸி, கழட்டுறதுதான் கஷ்டம்

"எஸ்3 பக்கெட்டுக்கு எங்க டொமைனை கோடுலயே மாட்ட முடியுமா? கன்சோல்ல கிளிக் பண்ணிப் பண்ணி அலுத்துப்போச்சு"ன்னு நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார். முடியும். மாட்டுறது சில வரி பைத்தான்தான். ஆனா இன்னைக்கு கழட்டுறதைப் பத்தியும் நிறைய பேசப்போறேன். ஏன்னா நான் மாட்டிக்கிட்டது அங்கதான்.

முதல்ல, இது எதுக்கு? உங்க படங்கள், பிடிஎஃப் எல்லாம் ஒரு பக்கெட்டுல இருக்கு. அதுக்கு அமேசான் கொடுக்குற முகவரி ரீஜன் பேரோட நீளமா இருக்கும். நாளைக்கு வேற கிளவுடுக்கு மாறினா, அந்த முகவரியை வெச்சு மெயில்ல அனுப்பின லிங்க் எல்லாம் செத்துடும். அதனால ஃபைல்ஸ் டாட் எக்ஸாம்பிள் டாட் காம் மாதிரி நம்ம பேரை முன்னாடி வெச்சுக்குறோம். (எக்ஸாம்பிள் டாட் காம் உதாரணத்துக்குன்னே ஒதுக்கி வெச்ச டொமைன், தைரியமா சொல்லலாம்.)

இதுக்கு டிஎன்எஸ்-ல இருக்குற ரெக்கார்டு பேரு சி-நேம். "இந்தப் பேரைக் கேட்டா, அந்தப் பேரைப் போய்ப் பாரு"ன்னு சொல்றது, அவ்வளவுதான். 1987-ல வந்த ஆர்எஃப்சி 1034-லயே இது இருக்கு. சி-நேம் வெச்ச பேர்ல வேற ரெக்கார்டு இருக்கக் கூடாதுங்கிற கண்டிஷனும் அதுலயே இருக்கு. வெறும் எக்ஸாம்பிள் டாட் காம்-ல என்எஸ், எஸ்ஓஏ ரெக்கார்டுகள் கட்டாயம் இருக்கும். அதனால அங்க சி-நேம் வைக்க முடியாது. ரூட் 53-ல அலையஸ்னு தனி ரெக்கார்டு இருக்குறது இதுக்குத்தான். சப்-டொமைன்னா இந்தத் தொல்லை இல்ல.

நிறைய பேர் தடுக்கி விழற இடம் அடுத்தது. சி-நேம் ஒரு ரீடைரக்ட் இல்ல. அது பிரவுசருக்கு வழி மட்டும்தான் காட்டுது. சர்வர் வாசல்ல போய் நின்னதும் பிரவுசர் ஹோஸ்ட் ஹெடர்ல சொல்றது இன்னமும் நம்ம பேரைத்தான். ஆட்டோக்காரர் பெரிய அபார்ட்மெண்ட் கேட்ல இறக்கி விட்டுட்டார், செக்யூரிட்டி அண்ணன் "யார் வீடு?"ன்னு கேட்குறார்னு வைங்க. நீங்க சொல்ற பேர் அவர் லிஸ்ட்ல இல்லன்னா உள்ள விடமாட்டார். அப்போ வேலை ரெண்டு பாதி: டிஎன்எஸ்-ல வழி, ஸ்டோரேஜ்ல பேர்.

அந்த ரெண்டாவது பாதியை ஒவ்வொரு கிளவுடும் ஒவ்வொரு மாதிரி பண்ணுது. எஸ்3-ல லிஸ்டே கிடையாது, பக்கெட் பேருதான் லிஸ்ட். ஹோஸ்ட் ஹெடர்ல வர்ற பேரும் பக்கெட் பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். பக்கெட்டுக்கு 'மை-ஃபைல்ஸ்'னு பேர் வெச்சுட்டு சி-நேம் மட்டும் போட்டா, 'நோ சச் பக்கெட்'னு 404 வரும். அஷூர்ல ஸ்டோரேஜ் அக்கவுண்ட்டுல டொமைனைப் பதிவு பண்ணணும், ஒரு அக்கவுண்ட்டுக்கு ஒரே ஒரு டொமைன்தான். பதிவு பண்ணும்போது அது டிஎன்எஸ்-ஐப் பார்த்து, சி-நேம் நிஜமாவே இருக்கான்னு செக் பண்ணும்.

அதனால வரிசை தலைகீழா மாறுது. எஸ்3-ல பக்கெட் முதல்ல, டிஎன்எஸ் கடைசி. அஷூர்ல டிஎன்எஸ் முதல்ல, பதிவு அப்புறம். ஆனா ஏற்கெனவே ஓடிட்டு இருக்குற சைட்டோட பேரை அப்படித் திருப்பினா, நடுவுல கொஞ்ச நேரம் யூசருக்கு எரர்தான் தெரியும். அதுக்கு 'ஏஎஸ்வெரிஃபை'ங்கிற வார்த்தையை முன்னாடி சேர்த்து ஒரு தற்காலிக சி-நேம் போடலாம். ட்ராஃபிக்கைத் தொடாம, பேர் நம்மளுதுதான்னு நிரூபிக்க மட்டும் அது. பதிவு முடிஞ்ச பிறகு நிஜமான சி-நேமை மாத்தினா போதும். நல்ல யோசனைன்னு எனக்குத் தோணும்.

ஹெச்டிடிபிஎஸ்? நேரடி சி-நேம்ல ரெண்டு இடத்துலயும் கிடையாது. அமேசான் காட்டுறது அமேசான் பேர்ல இருக்குற சர்டிஃபிகேட், பிரவுசர் கத்தும். அதனால புரொடக்‌ஷன்ல முன்னாடி ஒரு சிடிஎன் வெச்சே ஆகணும். கிளவுட்ஃப்ரண்ட்னா சர்டிஃபிகேட் கட்டாயம் வடக்கு வர்ஜீனியா ரீஜன்ல இருக்கணும். பக்கெட் மும்பைல இருந்தாலும் அப்படித்தான். சிடிஎன் வந்துட்டா பக்கெட் பேர் எதுவா வேணா இருக்கலாம்.

இப்போ கோடு. போட்டோ3-ல பக்கெட்டை உருவாக்கி, ரூட் 53-க்கு 'அப்சர்ட்'னு ஒரு ரெக்கார்டு அனுப்பணும். அப்சர்ட்னா இல்லன்னா உருவாக்கு, இருந்தா மாத்து. எத்தனை தடவை ஓட்டினாலும் உடையாது. அனுப்பினதும் 'பெண்டிங்'னு வரும், 'இன்-சிங்க்' ஆகுற வரைக்கும் காத்திருக்க போட்டோ3-லயே வெய்ட்டர் இருக்கு. இன்-சிங்க்னா ரூட் 53-ஓட சர்வர் எல்லாத்துக்கும் விஷயம் போயிடுச்சுன்னு அர்த்தம். உங்க இன்டர்நெட் கம்பெனி கேஷ்ல பழசு கிடக்கலாம், அது டிடிஎல் கணக்கு.

சரி, என் கதைக்கு வரேன். முந்தின வேலையில ஒரு சேல் ஆஃபருக்காக சப்-டொமைன் ஒண்ணு போட்டோம். நேரடி சி-நேம், எஸ்3 பக்கெட். முடிஞ்சதும் கழட்ட நான்தான் ஸ்க்ரிப்ட் எழுதினேன். முதல்ல டிஎன்எஸ் ரெக்கார்டை டெலீட் பண்ணு, அப்புறம் பக்கெட்டை. வரிசை சரிதான். ஆனா ரூட் 53-ல டெலீட் பண்ணணும்னா பேர், டைப், டிடிஎல், மதிப்பு நாலும் அப்படியே பொருந்தணும். என் கோடுல டிடிஎல் 300. நடுவுல யாரோ கன்சோல்ல போய் 86,400 ஆக்கியிருந்தாங்க. டெலீட் எரர் அடிச்சுது. நான் அதைச் சுத்தி 'ட்ரை' போட்டு, 'எக்செப்ட்'ல 'பாஸ்'னு எழுதி வெச்சிருந்தேன். ஸ்க்ரிப்ட் சத்தமே இல்லாம அடுத்த வரிக்குப் போய் பக்கெட்டை அழிச்சுது. டெர்மினல்ல 'டன்'னு வந்துச்சு, நானும் டீ குடிக்கப் போயிட்டேன்.

சில மாசம் கழிச்சு முன்ன பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட இருந்து மெயில்: "உங்க சப்-டொமைன்ல என் பக்கம் தெரியுது, பாருங்க." திறந்தா வெள்ளைப் பக்கத்துல ஒரே ஒரு வரி. அவர் செக்யூரிட்டி ஆராய்ச்சி பண்றவர். பக்கெட்டை அழிச்சதும் அந்தப் பேர் காலியாயிடும், உலகத்துல யார் வேணா எடுக்கலாம். எங்க சி-நேம் இன்னமும் அங்கேயே கை காட்டிட்டு இருந்துச்சு. இதுக்கு சப்-டொமைன் டேக்ஓவர்னு பேரு.

அவர் நல்லவரா இருந்தது எங்க அதிர்ஷ்டம். எங்க மெயின் சைட் லாகின் குக்கி மொத்த டொமைனுக்கும் செட் ஆகியிருந்துச்சு, செக்யூர், ஹெச்டிடிபி-ஒன்லி ரெண்டு ஃபிளாக்கும் இல்ல. லாகின் பண்ணின யூசர் அந்தப் பக்கத்தைத் திறந்தா, அங்க இருக்குற ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் குக்கியைப் படிக்கலாம். பக்கெட்டைத் திரும்ப உருவாக்கிப் பார்த்தேன், பேர் இப்போ அவர்கிட்ட, முடியல. ரெக்கார்டை அழிச்சோம். ஆனா டிடிஎல் 86,400 விநாடி, அதாவது ஒரு முழு நாள். கேஷ்ல இருந்தவங்களுக்கு அதுவரைக்கும் அந்தப் பக்கம்தான். அன்னைக்கு ராத்திரி எல்லாரையும் லாகவுட் பண்ண வெச்சு, குக்கியை மாத்தினோம். எனக்குத் தூக்கம் வரல.

இப்போ என் ஸ்க்ரிப்ட் டிடிஎல்லை ஞாபகத்துல இருந்து சொல்றதில்ல. முதல்ல ரெக்கார்டை லிஸ்ட் பண்ணி வாங்கும், வந்ததை அப்படியே டெலீட்டுக்கு அனுப்பும், எரர் வந்தா அங்கேயே நிக்கும். அழிஞ்சதும் டிடிஎல் நேரம் முழுக்க காத்திருந்துதான் பக்கெட் பக்கம் போகும். டெர்ராஃபார்ம் ஆளுங்களுக்கு ஒண்ணு: சி-நேம் மதிப்பை ஸ்ட்ரிங்கா டைப் பண்ணாம, பக்கெட் ரிசோர்ஸ்ல இருந்து எடுங்க. அப்போதான் 'டெஸ்ட்ராய்' பண்ணும்போது ரெக்கார்டு முதல்ல போகணும்னு அதுக்குத் தெரியும்.

இல்லன்னா பக்கெட்டை அழிக்காமலே விடலாம். உள்ள இருக்குறதை மட்டும் காலி பண்ணுங்க, காலி பக்கெட்டுக்கு ஸ்டோரேஜ் காசு கிடையாது. அந்த ஆராய்ச்சியாளர் ஒரு வாரம் கழிச்சு தன் பக்கெட்டை அழிச்சுட்டு மெயில் போட்டார். வந்த அடுத்த நிமிஷமே அதே பேர்ல ஒண்ணு உருவாக்கினேன். நான் அங்கிருந்து கிளம்புற வரைக்கும் அது காலியாவே கிடந்துச்சு.