ஃப்ரெண்ட்ஸ் பார்க்கும்போது மட்டும்

2011-ல அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக ஆய்வு ஒண்ணு வந்தது. ஸ்கேனருக்குள்ள படுத்துக்கிட்டே கார் கேம் ஆடணும். மஞ்சள் சிக்னல் விழுந்தா நிக்கலாம், இல்ல பாய்ஞ்சு போகலாம். தனியா ஆடினப்போ 14–18 வயசுப் பசங்களும் 24 தாண்டினவங்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான். பக்கத்து ரூம்ல ஃப்ரெண்ட்ஸ் பார்க்கறாங்கன்னு தெரிஞ்சதும், பசங்க மட்டும் ரிஸ்க்கை ஏத்துனாங்க.

நம்ம ஊர் 2015 இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, 16 முடிஞ்சவன் மேல கொடூரக் குற்ற வழக்குன்னா, அவனுக்கு விளைவு புரியுமான்னு குழுமம் மதிப்பிடும். அதை வச்சுதான் பெரியவங்க மாதிரி விசாரிக்கலாமான்னு முடிவாகும். எனக்கு உறுத்தறது இதுதான்: கேள்வி கேக்கற ரூம்ல ஃப்ரெண்ட்ஸ் இல்ல. அங்க அவன் தெளிவாத்தான் பேசுவான். (லோட் டெஸ்ட் பண்ணாம பாஸ் போடற மாதிரி.) குற்றம் நடந்த சூழலையும் பார்க்கச் சொல்லுது சட்டம். அப்போ கூட யார் யார் இருந்தாங்கன்னு முதல்ல கேக்கலாமே?