பூமிக்குக் கீழே – 7: கையெழுத்துப் போட்டது யார்?

உலர்கழிப்பிடங்களைத் தடை செய்த 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். மலம் அள்ளும் வாளியும் துடைப்பமும் குறையக் குறைய, ஊர்கள் செப்டிக் டேங்குக்கும் பாதாளச் சாக்கடைக்கும் மாறின. எந்தச் சாதியினரின் தலையில் வாளி ஏற்றப்பட்டதோ, அவர்களே குழிக்குள்ளும் இறக்கப்பட்டார்கள்.

குழியில் நாள்பட்ட கசடு ஏடு கட்டி அசையாமல் கிடக்கும். மூடியைத் திறந்ததும் தீக்குச்சி கொளுத்திப் போட்டுப் பார்ப்பார்கள். அணையாவிட்டால் இறங்கலாம் என்று ஒரு நம்பிக்கை. ஆளைக் கொல்லும் நம்பிக்கை அது. மீத்தேன் இருந்தால் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதைத் தீக்குச்சி காட்டித் தராது. இறங்கியவர் கால் வைத்துக் கலக்கும்போதுதான் கசடுக்குள் அடைபட்ட வாயு குபீரென்று கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு அந்த வாயு கலந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டதென்று அவர் நினைப்பார். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் சரிந்துவிடுவார். மேலே கயிறு பிடித்து நிற்பவர் பெரும்பாலும் தம்பி அல்லது மச்சான். அவர் யோசித்துக்கொண்டா நிற்பார்? "இருவர் பலி", "மூவர் பலி" என்ற செய்திகள் இப்படித்தான் உருவாகின்றன. முகத்தில் கட்டிய துண்டு எதற்கும் உதவாது. வெளியிலிருந்து காற்று தரும் கருவி வேண்டும்.

கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்யும் ஆபத்தான வேலையில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆளை இறக்கக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பாதுகாப்புக் கருவி தராமல் இறக்குவதைத்தான் அச்சட்டம் ஆபத்தான வேலை என்கிறது. கருவி கொடுத்ததாகக் கணக்கு எழுதிவிட்டால்? அங்கேதான் அச்சட்டத்தின் கீழ் வந்த விதிகள் குறுக்கே நிற்கின்றன. பழுதான மூடியை அகற்றுவது, கழிவுநீர்க் கிணற்றின் அடியிலுள்ள நீர்மூழ்கி மோட்டாரை எடுப்பது போன்ற சில வேலைகளுக்கு மட்டுமே ஆள் இறங்கலாம். வேறு எந்த அவசரமானாலும், உள்ளாட்சியின் தலைமை அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிந்து அனுமதிக்க வேண்டும்.

ஒவ்வொரு மரணத்திலும் முதலில் அந்த அனுமதிக் காகிதத்தைக் கேட்க வேண்டும். கையெழுத்துப் போட்டது யார்? யாரும் போடவில்லை என்றால், யார் சொல்லி இறங்கினார்? மேஸ்திரியைப் பிடித்ததோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தை அமல்படுத்தக் கோரி, துப்புரவுத் தொழிலாளர்களுக்காகப் போராடும் சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003-இல் உச்ச நீதிமன்றப் படியேறி 11 ஆண்டு காத்திருந்தது. 2014-இல், குழிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு 10 லட்சம் ரூபாய் என்று தீர்ப்பானது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்ந்தது. பணம் கூடியிருக்கிறது, ஆனால் இறக்கியவர் தண்டனை பெற்றாரா என்று கேட்டால் பதில் இல்லை.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. செப்டிக் டேங்கை லாரி உறிஞ்சி முடித்ததும், "அடியில கெட்டிப்பட்டது வராது சார், ஆள் எறங்கித்தான் எடுக்கணும்" என்பார்கள் லாரிக்காரர்கள். சரி என்று தலையாட்டினால் நீங்களும் அந்த 7-ஆவது பிரிவுக்குள் வந்துவிடுகிறீர்கள். தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து மறுபடி உறிஞ்சச் சொல்லுங்கள். கூடுதல் நடைக்கான காசையும் நீங்களே கொடுங்கள்.

ஆள் இறங்காமல் அடைப்பெடுக்க, 2018-இல் திருவனந்தபுரத்தில் பேண்டிகூட் என்ற ரோபோ களமிறங்கியது. அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)