பழைய அலுவலகக் கணினியில் லினக்ஸ் விளையாட்டுக் கணினி அமைத்தல்

பழைய அலுவலகக் கணினியில் லினக்ஸ் விளையாட்டுக் கணினி அமைத்தல் என்பது, நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினியை வாங்கி, அதில் வரைகலை அட்டையும் எஸ்எஸ்டியும் சேர்த்து, கட்டற்ற இயங்குதளமான லினக்ஸை நிறுவி, குறைந்த செலவில் விளையாடத்தக்க கணினியாக மாற்றுவதாகும். இம்முயற்சி பலிக்குமா என்பதைப் பெரும்பாலும் பிராசசர் தீர்மானிப்பதில்லை. எந்த விளையாட்டு வேண்டும், மின்வழங்கி எத்தனை வாட் தரும், பெட்டிக்குள் எவ்வளவு இடம் உள்ளது என்ற மூன்று கேள்விகளே தீர்மானிக்கின்றன. பணம் கொடுக்கும் முன் இவற்றுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்.

பின்னணி

திருப்பூர் மாவட்டம் தாராபுரம் வட்டத்தில், பல்லடம்–தாராபுரம் சாலையில் அமைந்துள்ள குண்டடம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் நடக்கும் இப்பகுதி, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுடனும் இணைந்தது. பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் கணக்கு எழுதவும், ஆர்டர் விவரங்களைப் பராமரிக்கவும், துணி வெட்டும் அளவுகளை வரையவும் கணினிகளைப் பயன்படுத்துகின்றன. அவை மாற்றப்படும்போது பழையவை செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன.

இத்தகைய கணினிகள் அண்மையில் அதிகம் கழிக்கப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் எனில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் தேவை. ஆகவே நன்றாக இயங்கும் 6, 7ஆம் தலைமுறைக் கணினிகள்கூட அலுவலகத்துக்கு உதவாதவை ஆகின்றன. லினக்ஸுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரண்டாவது காரணம் மென்பொருள் சார்ந்தது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் வைன் திட்டம் 1993இல் தொடங்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் புரோட்டானை வெளியிட்டது. விண்டோஸ் விளையாட்டுகள் பயன்படுத்தும் டைரக்ட்3டி கட்டளைகளை இது வல்கன் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. வால்வ் 2022இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீம் டெக் கையடக்கக் கருவியும் லினக்ஸில் இயங்குவதே.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு லினக்ஸ் முற்றிலும் புதிதன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டது. வீட்டில் கிடக்கும் அந்த மடிக்கணினிகளில் வரைகலை அட்டை சேர்க்க முடியாது. எனினும் எஸ்எஸ்டி மாற்றினால் படிப்புக்கும் எளிய விளையாட்டுகளுக்கும் பயன்படும்.

முதலில் விளையாட்டைத் தேர்தல்

வேலரன்ட், ஃபோர்ட்நைட் ஆகியவை லினக்ஸில் இயங்குவதில்லை. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க அவை பயன்படுத்தும் மென்பொருள் லினக்ஸை அனுமதிக்காததே காரணம். விலை உயர்ந்த அட்டை வாங்கினாலும் இது மாறாது. ஜிடிஏ 5இல் கதைப் பகுதியை ஆடலாம், ஆனால் 2024 செப்டம்பருக்குப் பின் அதன் ஆன்லைன் பகுதி லினக்ஸில் கிடைப்பதில்லை. வீட்டிலுள்ள பிள்ளை கேட்பது இவற்றில் ஒன்று மட்டும்தான் என்றால், இந்தக் கணினி அதற்கு ஏற்றதன்று.

கவுன்டர்-ஸ்டிரைக் 2, டோட்டா 2 ஆகியவை லினக்ஸுக்கென்றே வெளியிடப்பட்டுள்ளன. சூப்பர்டக்ஸ்கார்ட், 0 ஏ.டி., லுவான்டி போன்றவை கட்டற்றவை, விலை இல்லை. மற்ற விளையாட்டுகள் எப்படி இயங்குகின்றன என்று பயனர்கள் பதிவு செய்யும் புரோட்டான்டிபி தளத்தில் ஒவ்வொன்றையும் தேடிப் பார்க்கலாம்.

பெட்டியும் மின்வழங்கியும்

அலுவலகக் கணினிகள் பெரிய டவர், ஒல்லியான சிறுபெட்டி, கையளவு மினி என மூன்று வகையில் வருகின்றன. மினி வகையில் வரைகலை அட்டைக்கு இடமில்லை. சிறுபெட்டியில் பாதி உயர அட்டை மட்டுமே பொருந்தும். விலை சற்றுக் கூடினாலும் டவரே ஏற்றது.

இவற்றின் மின்வழங்கி, அதாவது எஸ்எம்பிஎஸ், பெரும்பாலும் 180 முதல் 300 வாட் வரையிலானது. வரைகலை அட்டைக்கான தனி மின்கம்பி பலவற்றில் இருப்பதில்லை. அப்போது அட்டை தாய்ப்பலகையின் செருகியிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். அதன் உச்ச வரம்பு 75 வாட். சில சிறுபெட்டிகளில் தயாரிப்பாளர் இதைவிடக் குறைத்தே வைத்திருப்பார். டெல், எச்பி மாதிரிகள் பலவற்றில் மின்வழங்கியின் இணைப்பு முனையும் தனி வகை என்பதால், கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. சாட்டா கம்பியை மாற்றுமுனை வழியாகப் பெரிய அட்டைக்கு இணைப்பது கம்பி உருகித் தீப்பிடிக்கக் காரணமாகலாம். மின்வழங்கியைத் திறக்கவும் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் மின்னேற்றம் இருக்கும்.

வரைகலை அட்டை

தனி மின்கம்பி இல்லாத கணினிக்குப் பொருந்தும் அட்டைகள் சில:

- ஜிடி 1030: 30 வாட், 2 ஜிபி. எளிய விளையாட்டுகளுக்கு மட்டும். இதன் டிடிஆர்4 வகை மிக மெதுவானது. ஜிடிடிஆர்5 வகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.
- ஜிடிஎக்ஸ் 1050 டிஐ: 75 வாட், 4 ஜிபி. என்விடியாவின் 580 வரிசை இயக்கியே இதற்கும் 1030க்கும் கடைசி.
- ஜிடிஎக்ஸ் 1650: 75 வாட், 4 ஜிபி. சில தயாரிப்புகள் தனி மின்கம்பி கேட்கும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.
- ஆர்எக்ஸ் 6400: 53 வாட், 4 ஜிபி. பழைய தாய்ப்பலகையில் வேகம் ஓரளவு குறையும்.

ஏஎம்டி அட்டைகளுக்கான இயக்கி லினக்ஸுடனேயே வருவதால் தனியே நிறுவ வேண்டியதில்லை. ஆர்எக்ஸ் 580 மலிவாகக் கிடைத்தாலும் 185 வாட் கேட்பதால் இத்தகைய பெட்டிகளுக்கு ஆகாது.

நினைவகமும் சேமிப்பகமும்

நான்கு கருக்கள் கொண்ட ஐ5-6500 போன்ற பிராசசர் இந்த அட்டைகளுக்குப் போதும். ராம் 16 ஜிபி இருப்பது நல்லது. ஒரே 16 ஜிபி பட்டையைவிட இரண்டு 8 ஜிபி பட்டைகள் வேகமானவை. தாய்ப்பலகை டிடிஆர்4 கேட்கிறதா, டிடிஆர்3எல் கேட்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. இயங்குதளத்துக்கும் சில விளையாட்டுகளுக்கும் 512 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி போதுமானது.

வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை

லினக்ஸ் மின்ட் பதிந்த பென்டிரைவை எடுத்துச் சென்று, எதையும் நிறுவாமலேயே கடையில் கணினியை இயக்கிப் பார்க்கலாம். ஒலி, வலையிணைப்பு, யுஎஸ்பி துளைகள் ஆகியவை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பயாஸ் கடவுச்சொல் உள்ளதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கம்பெனிக் கணினிகளில் அது பூட்டப்பட்டிருப்பது வழக்கம். விற்பவர் நீக்கித் தராவிட்டால் பென்டிரைவிலிருந்து தொடங்கவே முடியாமல் போகலாம்.

பழைய ஹார்ட் டிஸ்கில் கம்பெனியின் கணக்குகளும் தொழிலாளர்களின் சம்பள, வங்கி விவரங்களும் இருக்கலாம். சாதாரணமாக அழித்த கோப்புகளை மீட்டெடுக்க முடியும். டிஸ்கைக் கழற்றி உரியவரிடமே கொடுத்துவிடுவது அல்லது முழுவதும் மேலெழுதி அழிப்பது முறை.

பஞ்சும் வெப்பமும்

பின்னலாடைப் பகுதியிலிருந்து வரும் கணினிகளுக்கே உரிய சிக்கல் பஞ்சு. துணியிலிருந்து பறக்கும் நுண்ணிழைகளை மின்விசிறி உள்ளிழுக்க, அவை வெப்பக்கடத்தித் தகடுகளுக்கிடையே மெத்தைபோல் படிகின்றன. வெப்பம் வெளியேறாவிட்டால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையாலும் புளோயராலும் சுத்தம் செய்து, காய்ந்துபோன வெப்பப் பசையை மாற்ற வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் வீசும் காற்று புழுதியைக் கொண்டுவருவதால், அதன் பிறகு ஒருமுறை சுத்தம் செய்வது நல்லது. கணினியைத் தரையில் வைக்காமல், எர்த் இணைப்புள்ள பிளக்கில் யுபிஎஸ் வழியாக இயக்குவது பாதுகாப்பானது.

இயங்குதளம்

புதியவர்களுக்கு லினக்ஸ் மின்ட் எளிது. விளையாட்டுக்கென்றே அமைக்கப்பட்ட பஸைட்டும் உண்டு. நிறுவிய பின் ஸ்டீம் மென்பொருளைச் சேர்த்து, அதன் அமைப்பில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தால் போதும். முதல்முறை விளையாட்டு திறக்கும்போது நேரம் பிடிப்பது இயல்பு. மேங்கோஹட் என்ற கருவி நொடிக்கு எத்தனை சட்டகங்கள் வருகின்றன, வெப்பம் எவ்வளவு என்பதைத் திரையிலேயே காட்டும்.

மின்கழிவு

மாற்றி எடுத்த பலகைகளையும் பழுதான பாகங்களையும் குப்பையோடு எரிக்கக் கூடாது. ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் மண்ணிலும் காற்றிலும் கலக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு (மேலாண்மை) விதிகள், 2022இன்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் இவை சேர வேண்டும். இயங்கும் கணினி ஒன்றை மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்துவது அந்தக் கழிவைத் தள்ளிப்போடுகிறது.