மானாவாரி நிலத்திற்கு ஏற்றது எது? ஒட்டு இலந்தையா, வேம்பா?

மழையை மட்டுமே நம்பியுள்ள மேட்டு நிலங்களில் பயிர் விளைச்சல் ஆண்டுதோறும் நிச்சயமாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை சில நாட்கள் தள்ளிப்போனாலும் சோளமும் பயறும் கருகிவிடுகின்றன. விதைக்கும் உழவுக்கும் போட்ட பணம்கூடத் திரும்புவதில்லை. இத்தகைய நிலத்தில் ஒரு பகுதியையேனும் மரப்பயிருக்கு ஒதுக்கினால், பயிர் பொய்க்கும் ஆண்டிலும் குடும்பத்திற்கு ஓரளவு வருவாய் கிடைக்கும்.

இதற்கு ஏற்ற மரங்களில் பழமரமான இலந்தையும் மருந்து மரமான வேம்பும் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் ஆழமாக வேர்விட்டு வறட்சியைத் தாங்குபவை. வளம் குறைந்த மண்ணிலும் ஓரளவு உவர், களர் நிலத்திலும் வளரக்கூடியவை. எனினும் இரண்டிற்கும் தேவைப்படும் ஆள் உழைப்பு, பலன் தர ஆகும் காலம், விளைபொருளை விற்கும் முறை ஆகியவை முற்றிலும் வேறானவை. ஆகவே ஒரு பருவத்து விலையைக் கேட்டு மரத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட, வீட்டிலுள்ள ஆள் பலத்தையும் சந்தையின் தூரத்தையும் கணக்கிட்டுத் தேர்ந்தெடுப்பதே நலம்.

இலந்தை

வேலியோரத்தில் தானாக முளைக்கும் நாட்டு இலந்தையின் பழம் சிறியது; கொட்டை பெரியது. பனாரசி, உம்ரான், கோலா, கைத்லி போன்ற உயர்ந்த இரகங்களின் பழங்கள் பெரியவை, சதைப்பற்று மிகுந்தவை. இவற்றை விதை மூலம் வளர்த்தால் தாய்மரத்தின் குணம் வராது. மொட்டு கட்டிய ஒட்டுக்கன்றுகளையே நடவேண்டும்.

8 மீட்டர் இடைவெளியில், நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 மீட்டர் உள்ள குழிகளைக் கோடையிலேயே வெட்டி ஆறவிட வேண்டும். மேல்மண்ணுடன் 20 கிலோ தொழு உரத்தைக் கலந்து குழியை நிரப்பி, மழை தொடங்கியதும் கன்றுகளை நடலாம். ஓர் ஏக்கருக்கு ஏறக்குறைய 62 கன்றுகள் தேவைப்படும். தண்ணீர் அறவே இல்லாத நிலத்தில் குழியிலேயே இலந்தை விதையை ஊன்றி, முளைத்த செடியில் அங்கேயே மொட்டு கட்டுவது இன்னும் சிறந்தது. இடம் மாற்றப்படாததால் ஆணிவேர் சேதமின்றி ஆழச் செல்லும். நிலத்தில் ஏற்கெனவே நாட்டு இலந்தை மரங்கள் இருப்பின் அவற்றை அழிக்க வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அடிமரத்தை விட்டு மேலே வெட்டிவிட்டு, புதிதாகத் துளிர்க்கும் கிளைகளில் நல்ல இரகத்தின் மொட்டைக் கட்டலாம். இதனால் காத்திருக்கும் காலமும் குறைகிறது.

ஒட்டு இலந்தை மூன்றாம் ஆண்டு முதல் காய்க்கத் தொடங்கும். நன்கு பராமரிக்கப்பட்ட வளர்ந்த மரம் ஆண்டுக்கு 50 முதல் 100 கிலோ வரை பழம் தரும். மழை குறைந்த ஆண்டுகளில் விளைச்சல் இதைவிடக் குறையும். முதல் மூன்று ஆண்டுகளுக்கு மர வரிசைகளுக்கிடையே உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு ஆகியவற்றைப் பயிரிடலாம்.

இலந்தையில் கைவேலை ஓய்வதில்லை என்பதை நடுவதற்கு முன்பே உணரவேண்டும். இம்மரம் புதிதாக வளரும் இளங்கிளைகளிலேயே பூத்துக் காய்ப்பது. ஆகையால் ஆண்டுதோறும் அறுவடை முடிந்ததும், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கவாத்து செய்வது இன்றியமையாதது. காய்ந்த கிளைகளையும் நெருக்கமான கிளைகளையும் நீக்கி, சென்ற ஆண்டு வளர்ந்த கிளைகளைப் பாதியளவுக்குக் குறைக்கவேண்டும். ஓரிரு ஆண்டுகள் கவாத்து செய்யாமல் விட்டால் கிளைகள் மண்டி, பழம் சிறுத்துவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பவற்றை அவ்வப்போது நீக்காவிடில், நாட்டு இலந்தை மேலோங்கி ஒட்டுப்பகுதி நசிந்துவிடும்.

பழ ஈ பிஞ்சிலேயே முட்டையிடுவதால் புழு உள்ளிருந்து சதையைத் தின்கிறது. உதிர்ந்த பழங்களைத் தினமும் பொறுக்கி அழிக்கவேண்டும். கோடையில் மரத்தடியை உழுதுவிட்டால் மண்ணிலுள்ள கூட்டுப்புழுக்கள் வெயிலில் மடியும். பிஞ்சுகளில் வெண்மையான மாவு படிந்தாற்போல் தோன்றும் சாம்பல் நோய்க்கு, ஒரு லிட்டர் நீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து தெளிக்கலாம்.

பழங்கள் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை. பொன் மஞ்சள் நிறம் வந்தவற்றை மட்டும் நான்கைந்து முறையாகப் பறிக்கவேண்டும். பறித்த பழம் ஒரு வாரத்திற்கு மேல் தாங்காது. எனவே பேருந்து வசதியோ அருகில் நகரச் சந்தையோ இல்லாத ஊர்களில், நல்ல விளைச்சல் வந்தும் பழம் வீணாக நேரிடும்.

வேம்பு

வேம்பின் அருமையை விவசாயிகளுக்கு எடுத்துக் கூறத் தேவையில்லை. அம்மை கண்ட வீட்டில் இலையும், பல் துலக்கக் குச்சியும், இரசத்திற்குப் பூவும் தருவது இம்மரமே. பருத்த மரத்தைக் கரையான் எளிதில் அரிக்காது; கதவு, நிலைகளுக்கு உதவும். ஆயினும் ஆண்டுதோறும் பணம் தரக்கூடியது வேப்பங்கொட்டையே ஆகும்.

வேப்பம் விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறைந்துவிடும். பழம் உதிர்ந்த இரண்டு, மூன்று வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். 45 சென்டிமீட்டர் குழி போதுமானது. தண்ணீர் தேங்கும் பள்ளமான இடத்தில் வேம்பு வராது. "கசப்பான இலை, ஆடு கடிக்காது" என்று எண்ணி வேலியின்றி விட்டுவிடக் கூடாது. ஆடுகள் வேப்பந்தழையை விரும்பித் தின்பவை. முதல் இரண்டு ஆண்டுகள் முள் வைத்துக் காக்கவேண்டும். அதன்பின் நீரோ உரமோ கவாத்தோ கேட்காமல் மரம் தானே வளரும். அண்மைக் காலத்தில் தேயிலைக் கொசு என்னும் பூச்சியாலும் ஒருவகைப் பூஞ்சாணத்தாலும் கிளை நுனிகள் காய்ந்துபோவது காணப்படுகிறது. பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடுவதால், அவசரப்பட்டு மரத்தை வெட்டிவிடக் கூடாது.

பலன் வரத்தான் காலதாமதம் ஆகும். ஏறத்தாழ ஐந்தாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கினாலும், நிறைந்த பலனுக்குப் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். வளர்ந்த மரம் ஆண்டுக்கு 40 முதல் 50 கிலோ வரை பழம் தரக்கூடும். 40 கிலோ பழத்தை உலர்த்தி, சதையும் ஓடும் நீக்கினால் சுமார் 5½ கிலோ பருப்புதான் மிஞ்சும். பருப்பின் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் எண்ணெய் உள்ளது.

ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் பழங்களை அன்றன்றே பொறுக்கி, சதையை நீரில் கழுவி நீக்கி, நிழலில் உலர்த்திச் சாக்கில் சேமிக்கவேண்டும். ஈரத்தோடு குவித்து வைத்தாலோ பிளாஸ்டிக் பையில் கட்டினாலோ பூஞ்சாணம் பிடித்துக் கொட்டை தரம் கெடும். ஒழுங்காக உலர்த்திய கொட்டையைப் பல வாரங்கள் வைத்திருந்து விற்கலாம். இவ்வகையில் சந்தைக்குத் தொலைவிலுள்ளோருக்கு வேம்பே வசதியானது. நாட்டில் உற்பத்தியாகும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசப்பட வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையிட்ட பின் எண்ணெயின் தேவை அதிகரித்துள்ளது. இருப்பினும் கொட்டையை வாங்குவோர் அருகில் உள்ளனரா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விற்காவிட்டாலும் வேப்பங்கொட்டைக்கு நிலத்திலேயே உபயோகம் உண்டு. 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலை வேளையில் தெளித்தால், இலை தின்னும் புழுக்களும் சாறு உறிஞ்சும் பூச்சிகள் பலவும் கட்டுப்படும். இதற்கு மூன்று முதல் எட்டு மாதங்கள் வரை சேமித்த கொட்டையே ஏற்றது. அதாவது, வளர்ந்த ஒரு மரத்தின் பழம் 100 லிட்டர் பூச்சி மருந்தாகிறது.

வேம்பு மருந்து மரமேயாயினும் அதன் எண்ணெயைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுப்பது பெரும் ஆபத்தை விளைவிக்கும். இதை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

எவருக்கு எது?

வீட்டில் உழைக்கக்கூடிய இரண்டு பேர் ஆண்டு முழுவதும் ஊரில் இருப்பின், இளங்கன்றுகளுக்கு முதல் கோடையில் குடத்து நீரேனும் ஊற்ற இயலுமாயின், பழத்தை மறுநாளே சந்தை சேர்க்க வழியிருப்பின், ஒட்டு இலந்தையே ஏற்றது. மூன்று, நான்கு ஆண்டுகளில் கைக்குப் பணம் வரும்.

வேலைக்காக வெளியூர் சென்று வரும் குடும்பத்தினரும், நிலம் ஊரிலிருந்து தொலைவில் உள்ளவர்களும், முதியோர் மட்டுமே நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் வீட்டினரும் இலந்தை நட்டால் கவாத்தும் அறுவடையும் தவறி முதல் வீணாகும். அவர்களுக்கு வேம்பு நல்லது. ஆனால் வேம்பை மட்டும் நம்பி நிலம் முழுவதையும் அடைத்துவிட்டால், பத்து ஆண்டுகள் வரை குடும்பச் செலவிற்கு வேறு வழி தேடவேண்டும். எனவே வேம்பை வரப்பிலும் எல்லையிலும் நட்டு, நடுவில் வழக்கமான பயிரைத் தொடர்வதே சிறு விவசாயிகளுக்குப் பாதுகாப்பானது.

இரண்டையும் சேர்த்தும் வளர்க்கலாம். சதுரமான ஓர் ஏக்கரில் வடக்கு, மேற்கு எல்லைகளில் 5 மீட்டருக்கு ஒன்றாகச் சுமார் 25 வேம்பு நடலாம். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தென்புறம் சாய்ந்திருப்பதால் வடக்கு வரிசையின் நிழல் நிலத்தில் அதிகம் விழாது. மேற்கு வரிசை ஆடிக் காற்றைத் தடுக்கும். நிழலும் வேரும் அண்டை நிலத்தைப் பாதிக்கக்கூடுமாகையால், அந்நிலத்துக்காரரைக் கலந்து நடுவது பின்னால் மனத்தாங்கல் வராமல் தடுக்கும். வேம்பு வரிசைகளிலிருந்து 8 மீட்டர் தள்ளி உட்புறத்தில் சுமார் 50 இலந்தைக் கன்றுகளை நடலாம். இலந்தையில் கவாத்து செய்த முட்கிளைகள் வேப்பங்கன்றுகளுக்கு வேலியாகும். அதன் தழை ஆடுகளுக்குத் தீவனமாகும். வேம்பு காய்ப்புக்கு வரும்வரை இலந்தை வருவாய் தரும்.

நடுவதற்கு முன் மண் பரிசோதனை செய்துகொள்வதும், ஒட்டுக்கன்றுகளை நம்பகமான நாற்றுப்பண்ணையிலிருந்து இரகம் அறிந்து வாங்குவதும் அவசியம். தம் நிலத்திற்கும் தம் கைவலிமைக்கும் ஏற்ற மரத்தை நட்டால், மழை பொய்க்கும் ஆண்டிலும் சிறு விவசாயிகள் ஓரளவு வருவாய்க்கு வழி செய்துகொள்ளலாம்.