பனாமாக் கால்வாய் கற்பிக்கும் பாடம்

பெருஞ்செயலைத் தொடங்குதல் எளிது. அதனைக் குறைவின்றி முடித்தல் அரிது. தொடங்கிய வினை இடையே சீர்கெடுமாயின் அதனைக் கைவிடுவோர் பலர்; கெட்ட வழியிலேயே மேலும் விரைந்து செல்வோர் அவரினும் பலர். சற்றே நின்று, கேட்டின் காரணத்தை நாடி, வழியை மாற்றி, வினையை முற்றுவிப்போர் மிகச் சிலரே. இவ்வுண்மையைப் பனாமாக் கால்வாயின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் இணைக்கும் ஒடுங்கிய நிலம் பனாமாப் பூசந்தி ஆகும். அதன் ஒருபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். மறுபுறம் பசிபிக் பெருங்கடல். இச்சிறு நிலம் குறுக்கே கிடந்தமையால், கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் பல்லாயிரம் கிலோமீட்டர் மிகுதியாகச் செல்ல வேண்டியிருந்தது. அவ்விடத்தில் ஒரு கால்வாய் வெட்டினால் உலக வாணிகம் செழிக்கும் என்று அறிஞர் எண்ணினர்.

இப்பணியை முதற்கண் மேற்கொண்டவர் பிரெஞ்சு நாட்டுப் பெர்டினாண்டு டி லெசெப்ஸ் என்பார். கி.பி. 1869-ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாயை முடித்து உலகப் புகழ் பெற்றவர் அவரே. 1879-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் அவர் தலைமையில் ஒரு பேரவை கூடிற்று. பனாமாவிலும் சூயஸைப் போலவே கடல்மட்டத்தில் கால்வாய் வெட்டலாம் என்று லெசெப்ஸ் வற்புறுத்தினார். ஆற்றை அணையால் தடுத்து ஏரியாக்கி, நீர்ப்பூட்டுகளின் வழியே கப்பல்களை ஏற்றி இறக்குவதே தக்கது என்று கோதென் தெ லெப்பினே என்னும் பொறியியல் வல்லுநர் எடுத்துரைத்தார். அவருரை அவை ஏறவில்லை. முன்னை வெற்றியின் ஒளி பலர் கண்களைக் கூசச் செய்துவிட்டது.

சூயஸ் வறண்ட மணல்வெளி. பனாமாவோ பெருமழை பெய்யும் அடர்காடு. குலேப்ரா என்னும் இடத்தில் குன்று கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 100 மீட்டர் உயர்ந்து நின்றது. சாக்ரெஸ் என்னும் ஆறு மழைக்காலத்தில் திடீரெனப் பெருகிக் கரையழிக்கும். திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். லெசெப்ஸிடம் ஊக்கம் குறைவின்றி இருந்தது. இடனறிதலே இல்லாது போயிற்று.

1881-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. வெட்ட வெட்ட மண் சரிந்தது. மஞ்சட் காய்ச்சலும் மலேரியாவும் தொழிலாளரை வாரிக்கொண்டன. எறும்புகளை விலக்க மருத்துவமனைக் கட்டில்களின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினர். அந்நீரிலேயே கொசுக்கள் பெருகின. கொசுவே நோயைப் பரப்புகின்றது என்பது அந்நாளில் மெய்ப்பிக்கப்படவில்லையாதலின், இதன்பொருட்டு அவர்களைப் பழித்தல் தகாது. ஆயின், நிலைமை சீர்கெட்டதை மறைத்ததும், பொருள் கொடுத்துச் செய்தித்தாள்களில் புகழுரை எழுதுவித்ததும் பெருங்குற்றமாகும். காலங்கடந்து 1887-இல் நீர்ப்பூட்டு முறைக்கு இசைந்தனர். 1889-இல் அக்கூட்டு நிறுவனம் முறிந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைப் பங்குகளில் இட்ட எளிய குடும்பத்தினர் எண்ணற்றோர் அதனை இழந்தனர். மாண்ட தொழிலாளரோ ஏறத்தாழ 20,000 பேர் என்பர்.

1904-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் இப்பணியை ஏற்றன. அவர்களும் முதலில் இடறினர். விரைந்து தோண்டுமாறு தலைநகரிலிருந்து வற்புறுத்தல் வந்தது. வேண்டிய கருவிகளோ காலத்தில் வரவில்லை. 1905-இல் மஞ்சட் காய்ச்சல் மீண்டும் பரவியது. பலர் அஞ்சி ஓடினர். தலைமைப் பொறியாளரும் பதவி விலகினார்.

அவ்வேளையில் அப்பொறுப்பை ஏற்றவர் ஜான் ஸ்டீவன்ஸ் என்னும் இருப்புப்பாதை வல்லுநர். அவர் களமெங்கும் நடந்து கண்டார். பின்னர், எவரும் எதிர்பாராத ஓர் ஆணை பிறப்பித்தார்: தோண்டும் வேலையை நிறுத்துக என்பதே அது! வேலை தேங்குவதைக் கண்டு பொறுமையிழந்தோர்க்கு இது வியப்பளித்தது. ஆனால், நோயைத் தடுக்காமல் ஆட்களைச் சேர்ப்பதும், மண்ணை அகற்ற வழியின்றித் தோண்டுவதும் வீண் என அவர் உணர்ந்திருந்தார். ஆதலின் முதலில் வீடுகளும் குடிநீர்க் குழாய்களும் கழிவுநீர்க் கால்களும் அமைத்தார். மண்ணைச் சுமந்து செல்லும் இருப்புப்பாதையை வலுப்படுத்தினார்.

நம் நாட்டுச் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் 1897-ஆம் ஆண்டில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலிற் கண்டார். மஞ்சட் காய்ச்சலையும் கொசுவே பரப்புகின்றது என்பது 1900-இல் கியூபாவில் மெய்ப்பிக்கப்பட்டது. இவ்வறிவைத் துணைக்கொண்டு கோர்காஸ் என்னும் மருத்துவர், தேங்கிய நீரை வடித்தும், அதன்மேல் எண்ணெய் தெளித்தும், சாளரங்களுக்குக் கம்பிவலை அடித்தும் கொசுக்களை ஒழித்தார். ஸ்டீவன்ஸ் அவருக்கு வேண்டியன எல்லாம் அளித்தார். 1905-ஆம் ஆண்டின் இறுதிக்குள் பனாமா நகரில் மஞ்சட் காய்ச்சல் அடங்கிற்று.

கடல்மட்டக் கால்வாய் கைகூடாது என்று ஸ்டீவன்ஸ் தம் அரசுக்கு எடுத்துரைத்தார். 1906-இல் நீர்ப்பூட்டுத் திட்டம் ஏற்கப்பட்டது. காட்டூன் என்னுமிடத்தில் அணை கட்டப்பட்டது. கடல்மட்டத்திற்கு 26 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி உண்டாயிற்று. பகையாய் நின்ற சாக்ரெஸ் ஆறே, கப்பல்களைத் தூக்கும் நீரை வழங்கும் துணையாயிற்று.

1907-இல் ஸ்டீவன்ஸ் விலகவே, கோதல்ஸ் என்னும் படைப் பொறியாளர் தலைமை ஏற்றார். அவர் பணியை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினார். ஞாயிறுதோறும் காலையில் தொழிலாளர் எவரும் அவரை நேரிற் கண்டு தம் குறையைச் சொல்லலாம். குலேப்ராவில் மண் சரிந்தபோதெல்லாம் மீண்டும் அகழ்ந்தனர். 1914-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் கால்வாய் திறக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரர் அகழ்ந்து வைத்ததிலும் ஒரு பகுதி பயன்பட்டது. எனினும், இரண்டாம் முயற்சியிலும் 5,000-க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அவருள் பெரும்பாலோர் பார்படோஸ் முதலிய மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் என்பதை நாம் மறத்தலாகாது.

மாணவர்களே! வினை கெடாமற் காக்க வேண்டின், அது நிகழும் இடத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மாறுபட்டுரைப்பார் சொல்லையும் செவிமடுத்தல் வேண்டும். பிழையை மறைத்தல் கூடாது. வினை கெட்டவிடத்து அதனை மீட்க வேண்டின், நிறுத்தவும் திருத்தவும் அஞ்சாமை வேண்டும். ஸ்டீவன்ஸ் மண்வெட்டியை ஓய்வாக நிறுத்திவைத்த அச்சில திங்களே, அக்கால்வாய் உண்மையில் உருவாகத் தொடங்கிய காலம் எனலாம்.